முன்னால் நடப்பவர் யார்? தர்மபுரியில் இளைஞர் வழிகாட்டலும் தலைமைக் கேள்வியும்

பத்தாம் வகுப்பில் தவறிய பையனுக்கோ, பன்னிரண்டு முடித்ததும் மில் வேலைக்கு அனுப்பப்படும் பெண்ணுக்கோ, வீட்டுக்கு வெளியே ஒரு மூத்தவர் இரண்டு மூன்று ஆண்டு துணை நின்றால் நல்லது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தகராறு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. அப்படிப்பட்ட மூத்தவர்களைத் தேடிப் பிடித்து, பழக்கி, பணம் திரட்டி, அதை லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பாக நடத்துகிறவர் யாராக இருப்பது நல்லது? நகரத்தை விட்டு வந்து கிராமத்தில் தங்கிய படித்தவரா, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவரா, அரசு அலுவலரா, இதற்கென்றே பயிற்சி பெற்றுச் சம்பளத்துக்கு வரும் நிர்வாகியா?

காந்தி கிராம ஊழியர்களைப் பற்றி எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தக் கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரும் ஒரு காலமும் உண்டு. தர்மபுரி மாவட்டத்தை வைத்துப் பார்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது: அநேகமாக எல்லா விடைகளும் இங்கே ஒரு முறையாவது சோதிக்கப்பட்டிருக்கின்றன.

## வெற்றிடம் என்று ஒன்று இருந்ததில்லை

1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரும் அதன் தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே கடைசி இடம். பெங்களூரு, திருப்பூர், கேரளம் என்று வேலை தேடிப் போவது இங்குள்ள இளைஞர்களின் வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது.

இந்த எண்களைப் படிப்பவர்கள், வழிகாட்ட ஆளில்லாமல் இளைஞர்கள் தவித்த இடத்துக்குத் தொண்டு நிறுவனங்கள் வந்து சேர்ந்தன என்று எழுதிவிடுகிறார்கள். திட்ட அறிக்கைகளில் இந்த வாசகம் அடிக்கடி தட்டுப்படும். வரலாறு அப்படி இல்லை. 1970களில் தர்மபுரி, திருப்பத்தூர் வட்டாரங்களில் கந்துவட்டியையும் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையையும் எதிர்த்து இளைஞர்களைத் திரட்டியது நக்சல்பாரி இயக்கம். 1980இல் போலீஸ் நடவடிக்கை அதை ஒடுக்கியது. அதே ஆண்டில்தான் வன்னியர் சங்கம் உருவானது. 1989இல் அது பாட்டாளி மக்கள் கட்சியாயிற்று. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளின் மலைவாழ் மக்கள் சங்கமும் தத்தம் இளைஞர்களைச் சேர்த்தன. ரசிகர் மன்றங்களைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுப் பேச இங்கே எப்போதும் யாரோ இருந்திருக்கிறார்கள். ஆகவே வழிகாட்டும் அமைப்பு ஒன்று வரும்போது, ஏற்கெனவே வழிகாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவில்தான் வந்து உட்காருகிறது. தலைமை யார் என்ற கேள்விக்கு இங்கே கனம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## ஊரை விட்டு வந்தவர்கள்

முதல் விடை காந்தியர்களுடையது. படித்தவர் கிராமத்துக்குப் போக வேண்டும், அங்கேயே வாழ வேண்டும், தன் வாழ்க்கையையே பாடமாக வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் அதற்கு நிறுவன வடிவம் தந்தவர்கள் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும், 1947இல் அவர்கள் தொடங்கிய காந்திகிராமம் பிறகு பல தலைமுறை ஊழியர்களுக்கு நாற்றங்காலாக இருந்தது.

அந்த நாற்றங்காலிலிருந்து தர்மபுரிக்கு ஒரு நேர்க்கோடு வருகிறது. ஆலப்புழையில் மருத்துவம் படித்த ரெஜி ஜார்ஜும் லலிதாவும் காந்திகிராம மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, 1993இல் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மலையாளி எனப்படும் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் பகுதி அது. அரூருக்குப் போனால்தான் மருத்துவமனை. தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன என்று அமைப்பின் தொடக்கக் காலக் கணக்கு சொல்கிறது. பின்னாளில் அது 20 அளவுக்குக் குறைந்ததாகவும் பதிவு உண்டு.

மருத்துவ வரலாற்றில் அந்த எண்கள் முக்கியம். நம் கேள்விக்கு முக்கியமானது ஆள் சேர்த்த விதம். வெளியிலிருந்து நர்சுகளை வரவழைக்க முடியாத இடத்தில், அதிகம் படிக்க வாய்ப்பில்லாத உள்ளூர்ப் பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பிரசவம் பார்க்கவும் அறுவை அறையில் உதவவும் ஆய்வகத்தை நடத்தவும் பழக்கினார்கள். ஊர்களே தேர்ந்து அனுப்பிய வயது முதிர்ந்த பெண்களுக்குச் சத்துணவு, பேறுகால கவனிப்பு பற்றிப் பயிற்சி தந்து ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். பின்னர் இயற்கை விவசாயிகள் சங்கமும், லம்பாடிப் பெண்களின் கைத்தையலை மீட்ட ‘போர்கை’ அமைப்பும் அதே பாணியில் கிளைத்தன. இளைஞர் வழிகாட்டல் என்ற பெயர்ப் பலகையை யாரும் மாட்டவில்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் கையில் பொறுப்பைக் கொடுத்து, தப்பு செய்யும்போது பக்கத்தில் நின்று, பத்தாண்டுக்குள் அவளை இன்னொருத்திக்குக் கற்றுக்கொடுக்கிறவளாக ஆக்குவதற்கு வேறு பெயர் என்ன இருக்க முடியும்?

அதே பள்ளத்தாக்குக்கு 2000களின் தொடக்கத்தில் வந்த கட்டடக் கலைஞர்கள் அனுராதாவும் கிருஷ்ணாவும் தொடங்கிய ‘துளிர்’ இன்னும் நேரடியான உதாரணம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஒரு பக்கம். பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கும் பாதியில் நின்றவர்களுக்கும் அடிப்படைத் தொழில்நுட்பப் பயிற்சி இன்னொரு பக்கம்: வீட்டு வயரிங், குழாய் வேலை, மண்ணையும் மூங்கிலையும் கொண்டு கட்டுவது, எல்.இ.டி. விளக்கைப் பற்றவைத்துச் சேர்ப்பது. சர்க்யூட் பலகையில் ஈயம் உருகி ஒட்டினால் விளக்கு எரியும், ஒட்டாவிட்டால் எரியாது. பரீட்சைத் தாளில் சிவப்புக் கோடு வாங்கிப் பழகிய பையனுக்கு, தன் தவறு எங்கே என்று ஆசிரியர் சொல்லாமலே தெரியவரும் வேலை இது. பிழையைக் கண்டால் அதே மேசையில் அப்போதே திருத்திக்கொள்ளலாம்; அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே பயின்றவர்களில் சிலர் பின்னால் அங்கேயே கற்பிப்பவர்களாக ஆனார்கள்.

இந்தத் தலைமையின் பலம் வெளிப்படையானது. உள்ளூர்ச் சாதிச் சண்டைகளில் பங்கில்லாதவர்கள்; நகரத்து மருத்துவர், வங்கி, நன்கொடையாளர் என்று தொடர்புகளைக் கொண்டுவருபவர்கள்; எல்லாவற்றுக்கும் மேலாக, முப்பது ஆண்டு தங்குபவர்கள். பலரும் கவனிக்காத ஒன்றும் உண்டு. ரெஜி–லலிதா, அனுராதா–கிருஷ்ணா மட்டுமல்ல. கட்சிரோலியின் அபய்–ராணி பங், ஜாம்கேட்டின் ஆரோலே தம்பதி, தஞ்சை வட்டாரத்தின் ஜெகந்நாதன்–கிருஷ்ணம்மாள் என்று எடுத்துக்கொண்டால் இவ்வகைத் தலைமை பெரும்பாலும் கணவன் மனைவியாகவே இருந்திருக்கிறது. வீட்டில் நகரத்துக்கு இழுக்க ஆள் இல்லை, ஒரு செலவில் இருவர் உழைப்பு, பெண் பிள்ளைகளின் வீட்டுக்குள் தயங்காமல் போக ஒரு பெண் என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். தலைமைப் பண்புகளைப் பட்டியலிடும் கையேடுகளில் இதைக் காண முடியாது.

பலவீனங்களும் அங்கேயே இருக்கின்றன. இப்படிப்பட்ட தம்பதியர் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள்? சிட்லிங்கியில் நடந்தது பென்னாகரத்தில் ஏன் நடக்கவில்லை என்றால், அங்கே யாரும் வந்து தங்கவில்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடைப்பது கடினம். அதைக் கொள்கையாக மாற்ற முடியாது. பங் தம்பதியர் 2006இல் ‘நிர்மாண்’ என்ற இளைஞர் திட்டத்தைத் தொடங்கியது ஒரு வகையில் இதற்கான மறுமொழி: வந்து தங்குபவர்களையே தலைமுறை தலைமுறையாக உருவாக்கப் பார்ப்பது.

கடுமையான மறுப்பு இவான் இல்லிச்சுடையது. 1968 ஏப்ரலில், கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யப் போக இருந்த அமெரிக்க மாணவர்களிடமே அவர் உரையாற்றினார். நல்லெண்ணம் கொண்ட அந்நியர் தம் வாழ்க்கை முறையைத்தான் விற்கிறார், அது அவருக்கே தெரிவதில்லை என்பது அவர் வாதத்தின் சுருக்கம். சில வாரங்கள் வந்து போகும் தன்னார்வலர்களுக்கு இது முழுதாகப் பொருந்தும். முப்பது ஆண்டு தங்கியவர்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. ஆனால் ஓர் இடத்தில் இல்லிச்சின் முள் தைக்கத்தான் செய்கிறது. நகரத்தை வேண்டாமென்று விட்டு வந்தவர் இயல்பாகவே மண்ணில் தங்குவதை உயர்வாக நினைப்பார். பெற்றோரோ தங்கள் பிள்ளை மலையை விட்டு இறங்கி ஓர் அரசு வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைப்பார்கள். வழிகாட்டலின் வெற்றி எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு?

## ஊரில் பிறந்தவர்கள்

இரண்டாவது விடை இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. வாழ்க்கை யாருடையதோ அவர்களே தலைமை ஏற்கட்டும் என்பது. பாவ்லோ ஃப்ரெய்ரே 1968இல் எழுதி முடித்த ‘ஒடுக்கப்பட்டவர்களின் கல்வியியல்’ இதற்குத் தத்துவம் தந்தது. ராஜஸ்தானின் திலோனியாவில் 1972இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி நடைமுறை தந்தது. அதைத் தொடங்கிய பங்கர் ராயே வெளியிலிருந்து வந்தவர்தான் என்பதை எதிரணியினர் மறக்காமல் சுட்டிக்காட்டுவார்கள்.

தர்மபுரிக்கு இதில் சொந்தமான ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, முதலில் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. பிறகே மற்ற மாவட்டங்களுக்குப் போய் மகளிர் திட்டமாக விரிந்தது. குழுவிலிருந்தே ஊக்குநரும் பிரதிநிதியும் தேர்வாகி, வங்கிக்குப் போய், கணக்கெழுதி, மேலாளரிடம் வாதாடிய பெண்களின் தலைமுறை ஒன்று அப்படி எழுந்தது. தலைமையை வெளியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இங்கே இல்லை.

அண்மைச் சான்று, கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’. அதே குடியிருப்பில் வாழும், பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள் மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வகுப்பு எடுத்தார்கள். அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, ஊரடங்கில் இழந்த கற்றலில் மீண்டு வந்த பகுதியில் ஏறத்தாழ கால் பங்குக்கு இத்திட்டமே காரணம் என்று மதிப்பிட்டார்கள். எழுத்தும் கணக்கும் சொல்லித் தருவதும் இளைஞருக்கு வழிகாட்டுவதும் ஒன்றல்ல. ஆனாலும், பக்கத்து வீட்டு அக்காவால் முடியாது என்று சொல்பவர்களின் வாயை இது ஓரளவு அடைத்தது.

இனி இதன் மறுபக்கம். பக்கத்து வீட்டு அக்கா எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது தர்மபுரியில் சின்ன விஷயம் அல்ல. ஊரில் வகுப்பு நடந்தால் காலனிப் பிள்ளைகள் வருவார்களா, காலனியில் நடந்தால் ஊர்ப் பிள்ளைகளை அனுப்புவார்களா என்பது எந்தக் கள ஊழியரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சிக்கல். 2012 நவம்பர் 7இல் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் காலனிகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. சாதி மாறி நடந்த ஒரு திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில்தான் நக்சல்பாரித் தோழர்கள் அப்பு, பாலனின் நினைவிடம் இருக்கிறது. சாதி கடந்து இளைஞர்களைச் சேர்த்த தலைமை ஒரு காலத்தில் அங்கே உள்ளூரிலிருந்தே எழுந்தது. அது போன பிறகு இளைஞர்களைத் திரட்டியவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். ஆக, மண்ணில் பிறந்திருப்பது மட்டும் எதற்கும் உத்தரவாதம் ஆகாது.

அமெரிக்காவில் கறுப்பினச் சிறுவனுக்குக் கறுப்பின வழிகாட்டிதான் வேண்டுமா என்று ஆராய்ந்தவர்கள், இனப் பொருத்தத்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றே பெரும்பாலும் எழுதினார்கள். அந்த முடிவை அப்படியே எடுத்துவந்து சாதிக்குப் பொருத்துவது சரியாகுமா என்பது சந்தேகம். இங்கே கேள்வி, மனப் பொருத்தத்தோடு நின்றுவிடாமல் எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரலாம் என்பது வரை போகிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் உள்ளூர்த் தலைமைக்கு இன்னொரு தடை. பதினாறு வயதுப் பெண் தன் கல்யாணப் பேச்சைப் பற்றியோ, கையில் இருக்கும் போனைப் பற்றியோ அடுத்த தெரு அக்காவிடம் சொன்னால், இரவுக்குள் அது அம்மா காதுக்குப் போய்விடும் என்று அஞ்சக் காரணம் இருக்கிறது. அந்த அக்கா நல்லவரா கெட்டவரா என்பதல்ல பிரச்சினை. அவரும் அதே ஊரில் நாளைக்கு வாழ வேண்டும். மேலும், தன்னார்வலர்களில் பெரும்பகுதி கல்யாணம் ஆகாத பெண்கள் என்றால், கல்யாணம் ஆனதும் அமைப்பு அவர்களை இழக்கும்.

## ஆட்சியர் கையில்

அரசே நடத்தட்டும் என்ற மூன்றாவது விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம், 1972இல் நேரு யுவ கேந்திரா, 1990களில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம், 2022இல் ‘நான் முதல்வன்’, அதன் தொடர்ச்சியாகக் ‘கல்லூரிக் கனவு’, ‘உயர்வுக்குப் படி’ என்று பட்டியல் நீளம். எந்தத் தொண்டு நிறுவனமும் தொட முடியாத பரப்பை அரசு தொடும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் கல்லூரியில் சேராத மாணவரின் பெயரும் முகவரியும் அரசிடம்தான் இருக்கின்றன.

இவற்றில் அறிவொளி மட்டும் தனித்து நிற்கிறது. ஆட்சியர் முன்னால் நிற்க, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்கள் உள்ளே வேலை செய்த கலப்புத் தலைமை அது. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில் சைக்கிள் ஓட்டக் கற்ற பெண்களின் அலையை உலகமே பார்த்தது. ஆனால் ஆட்சியருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் வேகமும் மாறிவிடும். இயக்கம் முடிந்ததும் தொண்டர்களை அடுத்து எங்கே கொண்டுபோவது என்பதற்கு அரசுக் கோப்பில் இடமில்லை. வழிகாட்டல் போன்ற, ஒரே ஆள் ஒரே இளைஞரோடு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய வேலைக்கு இது தீராத இடைஞ்சல்.

## அளந்து பார்த்தவர்களும் நிர்வாகிகளும்

நான்காவது விடை மேற்கிலிருந்து வந்தது, இப்போது பெங்களூரு வழியாக நம்மிடமும் வந்துவிட்டது. தலைவர் எங்கே பிறந்தார் என்பது முக்கியமல்ல, முறை தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது அது.

1904இல் நியூயார்க் சிறுவர் நீதிமன்ற எழுத்தர் எர்னஸ்ட் கூல்டர் தொடங்கிவைத்த இயக்கமே ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’. 1995இல் வெளியான ஆய்வு, அதில் 959 சிறார்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டது: வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடும் வாய்ப்பு 46 விழுக்காடு குறைந்தது. அந்த எண்ணை வைத்து உலகெங்கும் நிதி திரட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் குரலைத் தாழ்த்தின. டுபுவாவும் சகாக்களும் 2002இல் 55 மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரிப் பயன் இருக்கிறது, ஆனால் சிறியது என்று தெரிந்தது. வழிகாட்டிகளுக்குத் தொடர்ந்த பயிற்சி, கண்காணிப்பு, பெற்றோரின் பங்கேற்பு இருந்த இடங்களில் பயன் கூடியது. அதே ஆண்டு கிராஸ்மனும் ரோட்ஸும் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகள் பலன் தந்தன, மூன்று மாதத்துக்குள் அறுந்தவை அந்தப் பிள்ளைகளின் தன்மதிப்பை முன்பிருந்ததைவிடக் குறைத்தன.

இதைவிடத் திடுக்கிட வைப்பது கேம்பிரிட்ஜ்–சோமர்வில் ஆய்வு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் 506 சிறுவர்களைக் கொண்டு தொடங்கியது. பாதிப் பேருக்குச் சராசரியாக ஐந்தாண்டு காலம் ஆலோசகர்கள் துணை நின்றார்கள். முப்பது ஆண்டு கழித்து அவர்களைத் தேடிக் கண்டுபிடித்த ஜோன் மெக்கார்ட் 1978இல் எழுதினார்: உதவி பெற்றவர்களில் பலர் தங்களுக்கு அது நல்லது செய்தது என்றே நினைத்தார்கள், ஆனால் குடிப்பழக்கம், மனநோய், இளவயது மரணம் போன்ற சில அளவுகளில் அவர்கள் நிலை உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, எதுவும் முடிந்த முடிவு அல்ல. நல்ல மனம் போதும் என்று நம்பும் எந்த அமைப்பின் தலைவரும் படித்திருக்க வேண்டிய கட்டுரை அது.

இந்த ஆய்வுகளை ஒப்புக்கொண்டால் தலைமையின் வேலை வேறு உருவம் எடுக்கிறது. மேடையில் பேசுவதும் விருது வாங்குவதும் பின்னுக்குப் போகும். எந்த வழிகாட்டி மூன்று வாரமாகப் போன் செய்யவில்லை என்று பதிவேட்டைப் புரட்டுவது, சலித்துப்போனவரிடம் பேசுவது, வேலை மாற்றலாகிப் போகிறவர் அந்தப் பிள்ளையிடம் முறையாகச் சொல்லிக்கொண்டு போகிறாரா என்று பார்ப்பது ஆகியவையே முன்னுக்கு வரும். பிள்ளைகளின் பாதுகாப்பும் அப்படித்தான். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதையே குற்றமாக்கியது. எல்லோரும் அண்ணன் தம்பியாகப் பழகும் இடத்தில் புகார்க் குழு எதற்கு என்று கேட்கும் நிறுவனரைவிட, விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிர்வாகி இங்கே பிள்ளைகளுக்கு நல்லவர். அருந்ததி குப்தா 2009இல் தொடங்கிய ‘மென்டார் டுகெதர்’ இந்த முறைசார் பாணிக்கு இந்திய உதாரணம். நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய ‘அகரம்’ புகழையும் முறையையும் சேர்த்துப் பார்த்தது. அங்கே உதவி பெற்றுப் படித்தவர்கள் அடுத்த மாணவர்களைத் தேர்வு செய்யும் வேலைக்கும் வழிகாட்டவும் திரும்பி வருகிறார்கள்.

இந்த விடையின் பலவீனம் பணம் வரும் வழியில் இருக்கிறது. முறைசார் நிர்வாகத்துக்குச் சம்பளம் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை போகலாம். பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதியைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து தரவும் முடியாது. உள்நாட்டில், 2013 கம்பெனிகள் சட்டம் விதித்த சமூகப் பொறுப்பு நிதி, நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. ஓசூரின் பெரிய ஆலைகள் எல்லை தாண்டிக் கிருஷ்ணகிரியில் இருக்கும்போது அந்த நிதி எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்கலாம். கிடைக்கும் நிதியும் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் கிடைப்பது. மார்ச்சில் புராஜெக்ட் முடிந்தால் ஏப்ரலில் கோஆர்டினேட்டர் இல்லை. மூன்று மாதத்தில் அறுந்த உறவு தீங்கு செய்யும் என்ற ஆய்வை மேற்கோள் காட்டி வாங்கிய பணமே அந்த உறவை அறுக்கும் நிலை இது.

## செக்கில் யார் கையெழுத்து

நான்கு தரப்புகளும் தலைவரின் பிறப்பிடம், படிப்பு, பதவி ஆகியவற்றைப் பற்றியே வாதிடுகின்றன. அமைப்பின் உள்ளே அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்பதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்றே இக்கட்டுரைக்குத் தோன்றுகிறது. ஓர் அமைப்பில் பழைய மாணவர் ஆசிரியராகிவிட்டார், களப் பொறுப்பாளராகிவிட்டார் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவர் செக்கில் கையெழுத்துப் போடுகிறாரா? ஆள் எடுக்கவும் நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் உண்டா? நன்கொடையாளர் வரும்போது நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறாரா, அல்லது அவருடைய கதை மட்டும் பேசப்படுகிறதா?

இதில் பதிவு முறைக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவாகின்றன. 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கத்துக்குப் பொதுக்குழு வேண்டும், நிர்வாகக் குழுவின் காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது; மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். அறக்கட்டளையில் அப்படி இல்லை. ஆவணத்தில் எழுதியபடி நிறுவனரும் அவர் நியமிப்பவரும் ஆயுள் முழுக்க அறங்காவலராக இருக்கலாம். மகாராஷ்டிரத்தின் பொது அறக்கட்டளைச் சட்டம் போல இதைக் கேட்க ஒரு பொதுச் சட்டமும் தமிழ்நாட்டில் இல்லை. நிறுவனர்கள் அறக்கட்டளையை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது: சங்கத்தில் உள்ளூர்ச் சாதிக் கணக்கும் கட்சிக் கணக்கும் தேர்தல் வழியாக உள்ளே வரும், வந்தும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை, இருபது ஆண்டு அங்கேயே வளர்ந்த ஆள் நாற்பது வயதிலும் ‘நம்ம பையன்’ என்றே அழைக்கப்படுவது.

சுயஉதவிக் குழுவில் இது தொடக்கத்திலேயே வேறு மாதிரி அமைந்தது. வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருந்தது. பணம் எடுக்க ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்திட வேண்டியிருந்தது. பல குழுக்களில் ஊழலும் நடந்தது, சண்டையும் வந்தது. இருந்தும் அந்தப் பெண்களில் பலர் ஊராட்சித் தேர்தலில் நின்றதை அந்தக் கையெழுத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். அதற்காக இளைஞர் அமைப்புகள் எல்லாம் நாளையே தேர்தல் நடத்த வேண்டும் என்று சொல்ல வரவில்லை. யார் தலைவர் என்ற கேள்விக்கு, எந்த ஆண்டு எந்தப் பொறுப்பு யாரிடம் போகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு தாள், நிறுவனரின் குணநலன்களைவிடப் பயனுள்ள விடையாக இருக்கலாம்.

## தீராதவை

மூன்று விஷயங்களில் இன்னும் உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை.

வெற்றியின் அளவுகோல் முதலாவது. சிட்லிங்கி போன்ற இடத்தில் படித்த இளைஞர் பள்ளத்தாக்கிலேயே தங்குவதா, ஓசூர் ஆலையில் நிரந்தர வேலைக்குப் போவதா, எது வழிகாட்டலின் பயன்? நிறுவனர், பெற்றோர், நிதி தருபவர் மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். இளைஞரின் பதில் இருபது வயதில் ஒன்றாகவும் முப்பத்தைந்தில் வேறாகவும் இருக்கக்கூடும்.

சாதி கடந்த தலைமை உள்ளூரிலிருந்தே மீண்டும் எழுமா என்பது இரண்டாவது. 2012க்குப் பின் நடுநிலையான அமைப்புகள் பெரும்பாலும் சாதிப் பேச்சை எடுக்காமல் கணினிப் பயிற்சி, வேலைவாய்ப்பு என்று ஒதுங்கிக்கொண்டன. பிழைத்திருப்பதற்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் இருபது வயதில் ஒருவரின் வாழ்க்கையை இந்த மாவட்டத்தில் அதிகம் தீர்மானிக்கும் விஷயத்தைப் பற்றி வாயே திறக்காத வழிகாட்டி எதில் வழிகாட்டுகிறார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, நீண்ட காலச் சான்று. மெக்கார்டால் முப்பது ஆண்டு கழித்து அந்தச் சிறுவர்களைத் தேட முடிந்ததற்கு, 1939இலிருந்து ஆலோசகர்கள் ஒவ்வொரு சந்திப்பையும் எழுதிவைத்ததே காரணம். நம் அமைப்புகளில் வருகைப் பதிவேடு தணிக்கை வரை இருக்கும். பிறகு அலமாரியின் மேல் தட்டுக்குப் போகும், அலுவலகம் மாறும்போது எடைக்குப் போகும். வெளியிலிருந்து வந்தவர் நடத்திய அமைப்பில் வளர்ந்தவர்கள், உள்ளூர்க்காரர் நடத்தியதில் வளர்ந்தவர்கள், எதிலும் சேராதவர்கள் ஆகிய மூவரையும் 2045இல் ஒப்பிட யாராவது விரும்பினால், அதற்கான பெயர்ப் பட்டியலை இந்த ஆண்டே தொடங்க வேண்டியிருக்கும். அதை யார் வைத்திருப்பது, அதில் இருப்பவர்களின் அந்தரங்கத்துக்கு யார் பொறுப்பு என்பவற்றையும் அப்போதே முடிவு செய்தாக வேண்டும்.